ஸுபைரின் வாளும் ஸாபித்தின் கவசமும்

கறுப்பு வண்ணம் பூசிய இரும்புப் பெட்டி ஒன்று இரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தது. மூடியின்மேல் வெள்ளை எழுத்தில் ஓர் எண், ஒரு பெயர், படைப்பிரிவின் சுருக்கக் குறி. பெட்டியைச் சுமந்து வந்தவன் நம்மிடம் ஓதிய மாணவன். உடன் வந்தவர் அவனுடைய தாயார். தந்தை இருபது ஆண்டுகளுக்கு மேல் இராணுவத்தில் பணியாற்றி, வடக்கே பனிமலைப் பகுதியில் பணியிலிருக்கும்போதே காலமானவர். உடல் வந்தது, அடக்கமும் ஆயிற்று. பெட்டி நாற்பதாம் நாள் கழிந்த பின்னரே வந்தது.

திறந்து காட்டினார்கள். மடித்து வைத்த சீருடை இரண்டு, கம்பளிச் சட்டை ஒன்று, இடுப்பு வார், தொழுகை விரிப்பு, துணிப் பையில் சிறிய குர்ஆன், கைக்கடிகாரம், நூலால் கட்டிய கடிதங்கள், சட்டைப் பையில் வைக்கும் அளவிலான கணக்குப் புத்தகம். "ஹஜ்ரத், இதையெல்லாம் என்ன செய்யறது? மவுத்தானவங்க துணிய வீட்டுல வெக்கக் கூடாதுன்னு சொல்றாங்க. கடியாரத்த அவங்க தம்பி கேக்கறார். நீங்கதான் ஒரு வழி சொல்லணும்" என்றார் அம்மையார். மகன் ஒன்றும் பேசாமல் கணக்குப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைத் திருப்பி நம்மிடம் நீட்டினான். அதில் ஒரு பெயர். எதிரே 600 ரூபாய். கொடுத்ததா, வாங்கியதா என்று எழுதப்படவில்லை.

சட்டம் சொல்வது நமக்கு எளிதாக இருந்தது. அடக்கச் செலவு, கடன், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத், பின்னர் வாரிசுகளின் பங்கு. இந்த வரிசையை மத்ரஸாவில் முதலாண்டு ஃபராயிள் படிக்கும் சிறுவனும் சொல்வான். துணியை வீட்டில் வைக்கக் கூடாது என்பதற்கு எந்தக் கிதாபிலும் ஆதாரமில்லை என்றும் கூறினோம். அவர்கள் விடைபெற்றுச் சென்ற பின்புதான் நமக்குள் வேறொரு கேள்வி எழுந்தது. வணிகன் விட்டுச் சென்ற பொருள் சொத்து. அதற்கு விலை உண்டு, பங்கு உண்டு, அத்துடன் முடிந்தது. போர்வீரன் விட்டுச் சென்ற பொருளைக் கையில் எடுத்தவுடன் நமக்கு ஏன் குரல் தாழ்ந்து விடுகிறது? அதில் சொத்தைத் தவிர வேறு என்ன இருக்கிறது? அன்றிரவு பழைய நூல்களைப் புரட்டத் தொடங்கினோம். அங்கு கண்டவற்றில் சிலவற்றை வாசகர்களோடு பகிர்ந்து கொள்கிறோம்.

ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டு (கி.பி. 625) நடந்த உஹதுப் போரிலிருந்து தொடங்குவதே முறை. அன்று வீழ்ந்தவர்களின் உடலிலிருந்து இரும்பையும் தோலையும் கழற்றிவிட்டு, அவர்கள் அணிந்திருந்த ஆடையோடும் இரத்தத்தோடும் அடக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். இந்தச் சிறிய கட்டளை வீரனுடைய பொருளை இரண்டாகப் பிரித்துவிடுவதைக் கவனிக்க வேண்டும். இரும்பு என்றால் கவசமும் ஆயுதமும்; தோல் என்றால் வாரும் உறையும் பிறவும். அவை உயிரோடிருப்பவர்களுக்கு உரியவை. நாளை வேறொருவன் அவற்றை அணிந்து நிற்க வேண்டும். இரத்தம் தோய்ந்த ஆடையோ அவனுடையது. அதை அவனிடமிருந்து பிரிக்க யாருக்கும் உரிமையில்லை.

அந்த ஆடையும் போதாதவர்கள் அங்கு இருந்தார்கள். முஸ்அப் இப்னு உமைர் (ரலி) மக்காவின் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் அவருடைய ஆடையையும் நறுமணத்தையும் பற்றி ஊரே பேசியது. உஹதில் அவர் விட்டுச் சென்றது கோடிட்ட கம்பளிப் போர்வை ஒன்றே. தலையை மூடினால் கால் தெரிந்தது. காலை மூடினால் தலை தெரிந்தது. தலையை மூடிவிட்டுக் கால்களின்மேல் இத்கிர் புல்லைப் போடுமாறு நபியவர்கள் கூறினார்கள். பல ஆண்டுகள் கழித்து, செல்வம் கொழித்த காலத்தில், நோன்பு வைத்திருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களின் முன் உணவு கொண்டுவந்து வைக்கப்பட்டது. அவருக்கு அந்தப் போர்வை நினைவுக்கு வந்தது, அழுதார், உணவைத் தொடாமலே விட்டுவிட்டார். மண்ணுக்குள் போன ஒரு போர்வை இத்தனை ஆண்டுகளுக்குப் பின் ஒரு செல்வரின் உணவுத் தட்டுவரை வந்திருக்கிறது.

நிற்க. எதிரியின் உடலில் கிடைக்கும் பொருளின் கதை வேறு. அதற்கு 'ஸலபு' என்று பெயர். சான்றோடு ஒருவனை வீழ்த்தியவனுக்கு வீழ்ந்தவனின் ஆயுதமும் உடைமையும் உரியவை என்று ஹுனைனில், ஹிஜ்ரி 8-இல் (கி.பி. 630), நபியவர்கள் அறிவித்தார்கள். அபூ கதாதா (ரலி) தமக்குக் கிடைத்த கவசத்தை விற்று, பனூ ஸலிமா குடியினரின் பகுதியில் ஒரு தோட்டம் வாங்கினார். இஸ்லாத்தில் தாம் தேடிக்கொண்ட முதற்சொத்து அதுவே என்று பிற்காலத்தில் அவர் கூறுவதுண்டு. எதிரியின் கவசம் தோட்டமாயிற்று. அதில் நினைவு ஏதும் ஒட்டியிருக்கவில்லை. ஸலபு வெற்றியின் ஊதியம். சொந்தப் படையில் வீழ்ந்தவனுடைய பொருளை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அது அமானத். இந்த வேறுபாட்டை மறந்த ஒருவனின் கதையை இனிச் சொல்லப் போகிறோம்.

அதற்கு முன் கைபரைப் பற்றி ஒரு சொல். ஹிஜ்ரி 7-இல் (கி.பி. 628) கைபரிலிருந்து திரும்பும் வழியில் மித்அம் என்னும் பணியாளர் எங்கிருந்தோ வந்த அம்பு பட்டு இறந்தார். மக்கள் அவருக்கு வீரமரணம் வாய்த்தது என்று வாழ்த்தினார்கள். நபியவர்கள் அதை மறுத்தார்கள். பங்கிடப்படாத பொருள்களிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட ஒரு போர்வை அவர்மீது நெருப்பாக எரிகிறது என்றார்கள். இதைக் கேட்ட ஒருவர் செருப்பு வார் ஒன்றையோ இரண்டையோ கொண்டுவந்து வைத்தார். அதுவும் நெருப்பு வாரே என்பது பதிலாயிற்று. செருப்பு வார்! போர்க்களத்தில் இதற்குக் குறைந்த பொருள் வேறில்லை.

இனி ஸாபித் இப்னு கைஸ் (ரலி). அன்ஸாரிகளின் நாவன்மை மிக்க பேச்சாளர். வெளியூர்க் குழுக்கள் வந்தபோது நபியவர்களின் சார்பில் எழுந்து பேசியவர். ஹிஜ்ரி 12-ஐ ஒட்டி (கி.பி. 633) நடந்த யமாமா போரில் விலை உயர்ந்த கவசம் ஒன்றை அணிந்து போரிட்டு வீழ்ந்தார். அவ்வழியே சென்ற முஸ்லிம் படைவீரன் ஒருவன் அந்தக் கவசத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டான். களத்தில் யாரும் பார்க்கவில்லை.

வீரர்களுள் வேறொருவர் உறங்கிக் கொண்டிருக்கையில் ஸாபித் கனவில் தோன்றினார். முதலில் அவர் எச்சரித்தார்: நான் சொல்லப்போவது வஸிய்யத், கனவுதானே என்று வீணாக்கி விடாதே. பிறகு அடையாளங்களைச் சொன்னார். கவசத்தை எடுத்தவன் படை முகாமின் கடைக்கோடியில் தங்கியிருக்கிறான். அவனுடைய கூடாரத்தருகே நீண்ட கயிற்றில் கட்டிய குதிரை ஒன்று உண்டு. கவசத்தின்மேல் ஒரு பானையைக் கவிழ்த்து, பானையின்மேல் சேணத்தை வைத்திருக்கிறான். படைத்தலைவர் காலிதிடம் சென்று ஆளனுப்பி அதை எடுக்கச் சொல். மதீனா திரும்பியதும் கலீஃபா அபூபக்ரிடம் எனக்கு இன்ன இன்ன கடன்கள் உண்டு என்றும், என் அடிமைகளில் இன்னார் விடுதலை பெற்றவர் என்றும் கூறு.

காலித் இப்னு வலீத் (ரலி) ஆளனுப்பினார். பானையும் சேணமும் சொன்னபடியே இருந்தன, கவசம் கிடைத்தது. மதீனாவில் அபூபக்ர் (ரலி) அந்த வஸிய்யத்தை நிறைவேற்றினார். இறந்த பின்பு செய்த வஸிய்யத் நிறைவேற்றப்பட்டது ஸாபித்துக்கு மட்டுமே என்று அறிவிப்பாளர்கள் குறிப்பிடுகின்றனர்.

இதை வாசிக்கும் இக்கால இளைஞர்கள் கனவு நிகழ்ச்சியிலேயே நின்றுவிடுவார்கள். கனவு சட்டத்திற்குச் சான்றாகாது என்பதை நம் ஃபிக்ஹு அறிஞர்களும் ஒப்புக்கொண்டவர்களே. எனினும் காலித் கனவை நம்பி யாரையும் தண்டித்துவிடவில்லை. பானையைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். சோதித்துப் பார்க்கக்கூடிய அடையாளம் இருந்தது, சோதித்தார், மெய்யென்று கண்டபின் மற்றவை நடந்தன. நம்மை நிறுத்தி யோசிக்க வைப்பது கனவன்று, அதில் வந்தவரின் கவலை. வீரமரணம் எய்தியவர், மறுமையில் உயர்ந்த நிலை வாக்களிக்கப்பட்டவர். அத்தகையவர் திரும்பி வந்து வீரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. கவசம், கடன், ஓர் அடிமையின் விடுதலை ஆகிய மூன்றையே பேசினார். வீரமரணம் எய்தியவனுக்குக் கடன் நீங்கலாக யாவும் மன்னிக்கப்படும் என்ற கருத்துடைய ஹதீஸை இங்கு நினைவுகூர வேண்டும். உயிரையே கொடுத்தவன்கூடப் பிறருடைய ஒரு திர்ஹத்திலிருந்து தப்ப முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கவசத்தை எடுத்தவன் யார்? அறிவிப்பாளர்கள் 'முஸ்லிம்களில் ஒரு மனிதர்' என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். குதிரையின் கயிறுவரை நினைவில் வைத்தவர்கள் அவன் பெயரைப் பாதுகாக்கவில்லை. அந்த மௌனத்தை ஒரு பண்பாடாகவே நாம் கருதுகிறோம்.

கவசத்தை மீட்டுக் கொடுத்த அந்தக் காலித் தாம் என்ன விட்டுச் சென்றார்? உமர் (ரலி) அவரைத் தலைமையிலிருந்து நீக்கியதற்கு அவருடைய தாராளச் செலவும் ஒரு காரணம். பெருஞ்செல்வம் சேர்த்திருப்பார் என்று பலரும் நினைத்தனர். ஹிஜ்ரி 21-இல் (கி.பி. 642) இறந்தபோது ஒரு குதிரை, ஓர் அடிமை, ஆயுதங்கள் ஆகியவையே இருந்தன. செய்தி கேட்ட உமர், நாம் எண்ணியதற்கு மாறாக அல்லவா அவர் இருந்திருக்கிறார் என்று இரங்கினார். உயிரோடிருந்தபோது சொல்லிப் புரிய வைக்க முடியாததை ஒரு குதிரையும் சில ஆயுதங்களும் சொல்லிவிட்டன.

ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களின் பொருள்களுக்கு வருவோம். வீரனின் உடைமையை ஆராய விரும்புவோருக்கு இவரைப் போல் நிறைந்த சான்று கொடுப்பவர் வேறு எவருமில்லை. ஈட்டி ஒன்று, கடன் ஒன்று, வாள் ஒன்று. மூன்றின் வரலாறும் புகாரியில் உண்டு.

பத்ருக் களத்தில், ஹிஜ்ரி 2-இல் (கி.பி. 624), கண்கள் மட்டும் தெரியும்படி உடல் முழுதும் இரும்பணிந்து வந்த உபைதா இப்னு ஸயீத் என்பவனை ஸுபைர் தம் சிறு ஈட்டியால் கண்ணில் குத்தி வீழ்த்தினார். உடல்மேல் காலை வைத்து மிகவும் முயன்று இழுக்க வேண்டியிருந்தது. ஈட்டியின் இரு முனைகளும் வளைந்துவிட்டன. அந்த வளைந்த ஈட்டியை நபியவர்கள் கேட்டு வாங்கினார்கள். அவர்கள் மறைந்தபின் ஸுபைர் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பின் அபூபக்ர் கேட்டார், கொடுத்தார், அவர் மறைந்தபின் எடுத்துக்கொண்டார். உமர் கேட்டார்; அவ்வாறே. உஸ்மான் (ரலி) கேட்டார், கொடுத்தார். உஸ்மான் கொல்லப்பட்டபின் அது அலீ (ரலி) குடும்பத்தாரிடம் சேர்ந்தது. ஸுபைரின் மகன் அப்துல்லாஹ் கேட்டுப் பெற்று, தாம் கொல்லப்படும்வரை வைத்திருந்தார். அரபுலகின் ஆட்சியைக் கையில் வைத்திருந்தவர்கள் ஒரு வளைந்த ஈட்டியை இரவல் கேட்கிறார்கள். ஒருவரும் அதைத் தமதென்று எடுத்துக்கொள்ளவில்லை.

கடனின் கதை இதைவிட நெடியது. ஹிஜ்ரி 36-இல் (கி.பி. 656) ஒட்டகப் போர் நாளன்று ஸுபைர் மகன் அப்துல்லாஹ்வை அழைத்து, இன்று நான் கொல்லப்படுவேன், என்னுடைய பெருங்கவலை என் கடன்தான், நம் சொத்தை விற்று அதைத் தீர்த்துவிடு என்றார். முடியாமற் போனால் என் எஜமானனிடம் உதவி கேள் என்றும் சொன்னார். யார் அந்த எஜமானன் என்று மகன் கேட்க, அல்லாஹ் என்றார். அன்றே களத்திலிருந்து விலகிச் சென்றவர் வழியில் கொல்லப்பட்டார்.

கடன் 22 இலட்சம். ஆடம்பரத்தால் வந்த கடனன்று இது. மக்கள் தங்கள் பணத்தை அவரிடம் அமானத்தாக வைக்க வருவார்கள். அமானத்தாக வேண்டாம், கடனாக வைத்துக்கொள்கிறேன், தொலைந்து விடுமோ என்று அஞ்சுகிறேன் என்பார் அவர். அமானத்தாக வைத்த பொருள் காப்பவனுடைய குற்றமின்றித் தொலைந்தால் அவன் ஈடு செய்ய வேண்டியதில்லை. கடனாக வாங்கியதை எந்நிலையிலும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். பிறருடைய பணத்துக்கு வரும் ஆபத்தைத் தம் தலைமேல் போட்டுக்கொள்வதற்காக அவர் தம்மைக் கடனாளியாக்கிக் கொண்டார். வியாபாரிகள் இந்தப் பகுதியை இருமுறை படிக்க வேண்டும்.

ஸுபைர் ரொக்கமாக ஒன்றும் விடவில்லை. நிலமும் வீடுகளுமே இருந்தன. ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) கடன் எவ்வளவு என்று கேட்டபோது, மகன் வெட்கப்பட்டு ஓர் இலட்சம் என்றார். அதற்கே உங்கள் சொத்து போதாதே என்றார் ஹகீம். 22 இலட்சம் என்றால்? என்றார் மகன். 1,70,000-க்கு வாங்கிய ஃகாபா நிலம் 16 இலட்சத்துக்கு விலைபோயிற்று. கடன் முழுதும் தீர்ந்தது. பங்கு கேட்டு உடன்பிறந்தோர் வந்தனர். அப்துல்லாஹ் மறுத்தார். நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில், ஸுபைரிடம் கடன் வரவேண்டியவர் யாராயினும் வருக, தீர்த்து வைக்கிறோம் என்று பறைசாற்றினார். அதன் பின்னரே பங்கு பிரித்தார். அப்போது நான்கு மனைவியரும் ஆளுக்கு 12 இலட்சம் பெற்றனர் என்பது நூல் தரும் கணக்கு. பெரும் சொத்துக்காக நான்காண்டு காத்திருந்தவர்களின் பொறுமையை நாம் போற்றுகிறோம். அவர்களுக்குள் முணுமுணுப்பும் இருந்திருக்கும், மனிதர்கள்தாமே.

இறுதியாக வாள். ஸுபைரைக் கொன்றவன் அந்த வாளை எடுத்துக்கொண்டு, பரிசு கிடைக்கும் என்றெண்ணி எதிரணித் தலைவராகிய அலீ (ரலி) அவர்களிடம் வந்தான் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அலீ வாளைப் பார்த்தார். நபியவர்களுக்கு வந்த துன்பங்களை எத்தனையோ முறை இது அகற்றியிருக்கிறதே என்று வருந்தினார். பரிசுக்கு வந்தவன் நல்ல வார்த்தை ஒன்றுகூடப் பெறவில்லை.

ஆண்டுகள் கடந்தன. ஹிஜ்ரி 73-இல் (கி.பி. 692) அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் மக்காவில் கொல்லப்பட்டார். வாள் இப்போது அவரைக் கொன்ற தரப்பின் ஆட்சியாளராகிய அப்துல் மலிக் இப்னு மர்வானிடம் இருந்தது. கொல்லப்பட்டவரின் இளைய சகோதரர் உர்வா அவர் முன் நின்றார். ஸுபைரின் வாளை உமக்கு அடையாளம் தெரியுமா என்று கேட்டார் அப்துல் மலிக். தெரியும். அதில் என்ன அடையாளம்? பத்ரு நாளில் விழுந்த பல் ஒன்று அதன் கூர்முனையில் உண்டு. உண்மை சொன்னீர் என்று கூறி, முற்காலக் கவிஞர் நாபிகாவின் ஓர் அடியையும் சொல்லி, வாளை உர்வாவிடமே திருப்பிக் கொடுத்தார்.

அந்த வாள் வெள்ளியால் அழகு செய்யப்பட்டிருந்தது என்று அதே நூல் சொல்கிறது. உர்வா வெள்ளியைச் சொல்லவில்லை, பல்லைச் சொன்னார். வெள்ளியை எந்தத் தட்டானும் எந்த வாளிலும் பதிக்கலாம். பத்ரின் பல்லைப் பதிக்க முடியாது. சிறு வயதில் தந்தையின் தோளிலிருந்த வெட்டுத் தழும்புக்குள் விரலை விட்டு விளையாடியதையும் உர்வாவே கூறியிருக்கிறார். தந்தையின் உடலிலும் தந்தையின் வாளிலும் ஒரேவிதமான குழி. அந்தக் குழியைத் தொட்டு அறிந்த விரல் இது. இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனையில் தோழர்களுடையவை என்று வாள்கள் பல வைக்கப்பட்டுள்ளன. மணிகள் பதித்த கைப்பிடிகளைக் காட்டும் படங்களை நாமும் பார்த்திருக்கிறோம். உர்வா அங்கு சென்றால் கைப்பிடியைப் பார்க்க மாட்டார் என்றே நினைக்கிறோம்.

இருமுறை அந்த வாள் எதிரணியின் கைக்குச் சென்றது. இருமுறையும் அங்கிருந்தவர் அதை ஸலபாகக் காணவில்லை. அரசியலில் அவர்களுக்கிடையே ஓடிய இரத்தத்தை நாம் மறைக்கவில்லை. ஆயினும் வாளைப் பார்த்த கணத்தில் இருவருமே அரசியலுக்கு முற்பட்ட ஒரு நாளை நினைத்திருக்கிறார்கள்.

அரபு நாட்டு முறைகளோடு நம் காலத்துச் சட்டத்தையும் ஒப்பு நோக்கினோம். இறந்த படைவீரனின் உடைமையைப் பற்றி இந்தியாவில் 1950-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. பிரிட்டனில் 1893-ஆம் ஆண்டிலேயே இத்தகைய சட்டம் இருந்தது. பொருள்களைப் பாதுகாத்துக் கணக்கெடுப்பது, முகாமில் அவன் பட்ட கடன்களை முதலில் தீர்ப்பது, மிச்சத்தை உரியவர்களுக்கு அனுப்புவது என்பதே அதன் போக்கு. திருக்குர்ஆன் வசனத்தில் வஸிய்யத் முன்னும் கடன் பின்னும் சொல்லப்பட்டிருந்தாலும் நிறைவேற்றுவதில் கடனே முந்தியது என்பது நம் அறிஞர்களின் ஒருமித்த முடிவு. ஸாபித்தின் கனவும் ஸுபைரின் கவலையும் பட்டாளத்து எழுத்தர் நிரப்பும் படிவமும் ஒரே இடத்தில் வந்து நிற்பதைக் கண்டு நமக்கு வியப்பு உண்டாயிற்று.

சில நாள் கழித்து மாணவனை வரச்சொல்லி அப்துல்லாஹ் இப்னு ஸுபைரின் நான்கு ஆண்டுகளை அவனுக்குப் பாடமாகவே சொன்னோம். 600 ரூபாயைக் கொடுக்க வேண்டியதாகவே வைத்துக்கொள்வது என்று அவன் தீர்மானித்தான். வரவேண்டியதாயிருந்தால் அந்த மனிதர் எழுதுவார். படைப்பிரிவின் முகவரிக்கு முதற்கடிதம் போயிற்று. அந்தப் பிரிவு வேறிடம் சென்றுவிட்டதால் திரும்பி வந்தது. இரண்டாம் கடிதம் சேர்ந்திருக்க வேண்டும், பதில் இல்லை. சென்ற மாதம் மூன்றாவதை எழுதியிருக்கிறான்.

கைக்கடிகாரத்துக்கு விலை மதித்தார்கள். மதிப்பிட்ட தொகையை வாரிசுகளின் கணக்கில் சேர்த்துவிட்டுச் சிறிய தந்தை அதை எடுத்துக்கொண்டார். மாணவன் மறுப்புச் சொல்லவில்லை. அன்று அவன் முகத்தைப் பார்த்தபோது நமக்கு உர்வாவின் மகன் ஹிஷாம் நினைவுக்கு வந்தார். பத்ரின் பல் விழுந்த அந்த வாளைப் பிற்காலத்தில் குடும்பத்துக்குள் 3,000 என்று மதிப்பிட்டு அவர்களில் ஒருவர் எடுத்துக்கொண்டார். அதை நானே எடுத்திருக்கலாகாதா என்று ஹிஷாம் ஏங்கியதையும் புகாரி பதிந்து வைத்திருக்கிறார்.

சீருடைகளை அம்மையார் துவைக்கவில்லை. கம்பளிச் சட்டை மட்டும் மார்கழிக் குளிரில் மகன் உடம்பில் இருக்கிறது. தோள் இன்னும் சற்றுத் தளர்வாகத்தான் நிற்கிறது. 600 ரூபாய் தனி உறையில் கணக்குப் புத்தகத்தோடு பெட்டிக்குள் இருக்கிறது. உறையின்மேல் ஆண்டைக் குறித்து வைத்திருக்கிறான்.